மாதம் ஐந்து வெள்ளிக் கட்டண மன்றம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் திபாலுக்கும் சிம்பாங் அம்பாட்டுக்கும் நடுவே, செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தின் ஓரத்தில் இருக்கும் ஓர் இளைஞர் மன்றத்தில் என் மகளைச் சேர்த்து ஒன்பது மாதம் ஆகிறது. "எப்படி இருக்கிறது, எங்கள் பிள்ளையையும் சேர்க்கலாமா?" என்று தொழிற்சாலைத் தோழிகள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். மன்றத்தின் பெயரைப் போடவில்லை. குறைகளையும் சொல்லப்போகிறேன், அங்கே இருப்பவர்கள் எல்லாரும் சம்பளம் வாங்காமல் உழைக்கிறவர்கள். அந்தப் பக்கத்து ஆட்களுக்கு எந்த மன்றம் என்று சொல்லாமலே தெரியும்.

நான் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். பதினெட்டு ஆண்டுகளாகக் குறை கண்டுபிடித்துத்தான் சோறு தின்கிறேன். இரண்டு வாரம் பகல் வேலை, இரண்டு வாரம் இரவு வேலை, ஒவ்வொன்றும் பன்னிரண்டு மணி நேரம். போக வர, தீவையும் எங்கள் பக்கத்தையும் இணைக்கும் இரண்டாவது பாலம். 2014இல் திறந்த அந்த 24 கிலோமீட்டர்ப் பாலத்தில் காற்று அடிக்கும் நாளில் மோட்டார் சைக்கிளைப் பிடித்து ஓட்டினால் வீடு சேரும்போது தோள் இரண்டும் கழன்றுவிடும். 2019 முதல் மோட்டார் சைக்கிளுக்குச் சுங்கக் கட்டணம் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். கணவர் ஜோகூர் வரை லாரி ஓட்டுகிறவர். வீட்டில் மாமியார் இருக்கிறார், எழுபத்தொரு வயது. இப்படிப்பட்ட குடும்பத்திடம் ஒரு மன்றம் என்ன எதிர்பார்க்க முடியும்?

முதல் நாள் மகளை இறக்கிவிட்டுத் திரும்பிவிடும் எண்ணத்தில்தான் போனேன். இரவு வேலை முடித்து வந்து நாலு மணி நேரம்தான் தூங்கியிருந்தேன். இதற்குமுன் நான் பார்த்த சங்கங்களில் எல்லாம் ஒரே கதைதான். ஆண்டுக் கூட்டத்தில் தலைவர் மேடையேறி, "பெற்றோர் ஒத்துழைப்பு போதவில்லை" என்று அரை மணி நேரம் வருத்தப்படுவார். அந்த வருத்தத்தை உட்கார்ந்து கேட்பவர்கள், பாவம், வந்திருக்கும் பெற்றோர்கள். வராதவர்கள் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பார்கள்.

இங்கே செயலாளர் இருபத்தாறு வயதுப் பெண், பகலில் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறாள். நான் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் பக்கத்தில் வந்து, "அக்கா, இன்றைக்கு உங்களுக்கு நேரம் இருக்கிறதா, இல்லையா?" என்று கேட்டாள்.

"இல்லை தங்கச்சி."

"சரி அக்கா, போய்த் தூங்குங்கள். ஆறே முக்காலுக்கு வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் போதும்."

அவ்வளவுதான். முகம் சுளிக்கவில்லை, படிவத்தை நீட்டவில்லை. வீடு வந்து படுத்தும் தூக்கம் வரவில்லை. 'இவள் என்ன, ஒன்றுமே கேட்கவில்லையே' என்று மனம் அரித்துக்கொண்டே இருந்தது.

கேட்டாள், மூன்று வாரம் கழித்து. "அக்கா, நீங்கள் தரப் பரிசோதனையில் இருப்பதாகப் பிள்ளை சொன்னாள். இங்கே முப்பத்திரண்டு பூப்பந்து மட்டைகள் கிடக்கின்றன. எது விளையாட ஆகும், எது ஆகாது என்று பிரித்துத் தருவீர்களா? ஒன்றரை மணி நேர வேலை. அதற்குமேல் கேட்கமாட்டேன்." இதற்கு எப்படி இல்லை என்று சொல்வது? தரையில் பாயை விரித்து உட்கார்ந்தேன். பதினொன்று நல்லவை, ஒன்பதுக்கு நரம்பு மாற்றினால் போதும், பன்னிரண்டு குப்பைக்கு. தொழிற்சாலையில் ஒட்டுவதுபோல் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒட்டிக்கொடுத்தேன். என் மகள் தன் தோழிகளிடம் "என் அம்மா இதற்குத்தான் சம்பளம் வாங்குகிறார்" என்று சொன்னது காதில் விழுந்தது. பதினெட்டு ஆண்டு வேலையில் என் வேலை என்ன என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை.

இனி அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாசலுக்கு உள்ளே இடதுபுறம் ஒரு ஒட்டுப்பலகை, அதில் மூன்று வரிசை ஆணிகள். பிஸ்கட் பெட்டியை வெட்டிச் செய்த அட்டைகள் தொங்குகின்றன. ஒவ்வொரு அட்டையிலும் ஒரே ஒரு வேலை, தமிழிலும் மலாயிலும் எழுதியிருக்கிறது: வாசலில் நின்று பெயர் எழுதுவது, ஒரு மணி நேரம், கத்தரிச் செடிக்குத் தண்ணீர், இருபது நிமிடம், மூன்றாம் படிவக் கணக்குச் சொல்லித்தருவது, மூன்று சனிக்கிழமை. அட்டையைத் திருப்பினால் கடைசியாக அந்த வேலையைச் செய்த மூன்று பேரின் பெயர் இருக்கும். சந்தேகம் வந்தால் அவர்களைக் கேட்கலாம். மேல் வரிசையில் எடுக்கப்படாத வேலை, நடுவில் யார் கையிலோ இருப்பது, கீழே முடிந்தது. எங்கள் தொழிற்சாலையில் இதற்குக் கான்பான் என்று பெயர், ஜப்பானில் டொயோட்டாக்காரர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. செயலாளருக்கு அந்தப் பெயரே தெரியவில்லை. கிளினிக்கில் நோயாளி அட்டைகளை அடுக்கி அடுக்கி யோசனை வந்ததாகச் சொன்னாள்.

எனக்குப் பிடித்தது அட்டையின் மூலையில் இருக்கும் முடிவுத் தேதி. அந்தத் தேதி வந்ததும் அட்டையைத் திரும்ப மேல் ஆணியில் மாட்டிவிட்டுப் போகலாம். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். நம்முடைய சங்கங்களில் ஒருவர் பொருளாளர் ஆனால் பாடையில்தான் அந்தப் பதவியை இறக்கிவைப்பார். அதனாலேயே புதிதாக யாரும் கை தூக்குவதில்லை. இங்கே விடுபடும் வழி தெரிந்திருப்பதால் பயமில்லாமல் எடுக்கிறார்கள். நிபோங் திபாலில் யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது அல்லவா, அங்கிருந்து வரும் மாணவர்களுக்கும் இந்த மூன்று சனிக்கிழமைக் கணக்கு தேர்வுக் காலத்தோடு ஒத்துப்போகிறது. பக்கத்துக் கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரப் பெரியவர் ஒருவர் மலாயில் எழுதியிருந்த சைக்கிள் அட்டையைப் படித்துவிட்டுத் தானாக வந்தவர். இப்போது பிள்ளைகள் பஞ்சர் ஒட்டப் பழகிவிட்டார்கள். அவருக்கும் தமிழில் நாற்பது சொல்லுக்குமேல் வருகிறது, அதில் பாதி சாப்பாட்டுச் சொல்.

பெரியவர்களை இப்படி இழுப்பதற்கு ஆசை மட்டும் காரணம் இல்லை, கட்டாயமும் இருக்கிறது. இளைஞர் சங்கச் சட்டத்தில் 40 வரை இருந்த உச்ச வயதை 2019இல் 30 ஆகத் திருத்தினார்கள். அது நடைமுறைக்கு வர ஆண்டுகள் ஆனது, ஆனால் வரப்போகிறது என்று தெரிந்ததுமே முப்பத்தைந்து, முப்பத்தெட்டு வயதில் மன்றத்தைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தவர்கள் பதவியை இளையவர்களிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. இருபத்து நாலு வயதுக்காரனுக்கு மன்றப் பற்று இல்லாமல் இல்லை. சனிக்கிழமை ஓவர்டைம் இருக்கிறது, சிங்கப்பூரில் வேலை கிடைத்தால் அடுத்த மாதமே கிளம்பிவிடுவான். கீழே இன்னொரு சிக்கல். சட்டம் சொல்லும் இளைஞர் வயது 15இல் தொடங்குகிறது. என் மகளுக்குப் பதின்மூன்று. அவளைப் போன்ற சின்னவர்கள் உறுப்பினர் கணக்கில் வராமல், பெற்றோர் பொறுப்பில் வருகிறவர்களாக இருக்கிறார்கள். ஆக, பெற்றோர் இல்லாவிட்டால் மன்றத்தில் பாதிப் பிள்ளைகள் இல்லை.

கட்டடம் முன்பு ஆயாக் கொட்டகையாக இருந்தது. விடியற்காலையில் ரப்பர்ப் பால் வெட்டப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போன இடம். என் கணவர் அங்கே தொட்டிலில் கிடந்தவர். உத்தரத்தில் தொட்டில் கயிறு அறுத்த தடம் இன்றைக்கும் இருக்கிறது. இந்த வட்டாரமே கரும்பில் தொடங்கி, ரப்பராகி, செம்பனையாகி, இப்போது வீடமைப்புத் திட்டங்களாகிக்கொண்டிருக்கிறது. தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகள் இருந்த காலத்தில் மணிமன்றம் என்ற தமிழ் இளைஞர் மன்றத்தில் ஒரு நிகழ்ச்சி என்றால் திண்ணையில் நின்று குரல் கொடுத்தால் போதும், ஊரே கூடிவிடும் என்பார் என் மாமனார். இப்போது அதே குடும்பங்கள் ஏழெட்டுத் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) சிதறிக்கிடக்கின்றன. தோட்டத்துக்குள் பஸ் வராது. போதாக்குறைக்கு பத்து காவான் என்ற பக்கத்து ஊரில் 2019இல் இக்கியா மரச்சாமான் கடை வந்துவிட்டது. சனிக்கிழமை மாலை பிள்ளைகளைக் குளிர்சாதனத்தில் நடக்கவிட்டு மீட்பால் வாங்கிக்கொடுப்பதா, கொசுக்கடியில் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் ஊற்ற அனுப்புவதா என்று யோசிக்கிற பெற்றோரை நான் குறை சொல்லமாட்டேன். நானே இரண்டு முறை இக்கியாவுக்குப் போனேன்.

என் மாமியார் இதில் எப்படி மாட்டினார் என்பதுதான் வேடிக்கை. அத்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். வீட்டில் தனியாக இருக்க வேண்டாம் என்று ஒருநாள் கூட்டிப்போனேன். செயலாளர் வருகைப் பதிவேட்டைப் படித்து, தொடர்ந்து இரண்டு வாரம் வராத பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தை மூலையில் வெற்றிலை மடித்தபடி, "அது அஞ்சாம் லயத்துக் கங்காணி வீட்டுப் பேத்தி. தாய்க்காரி சனிக்கிழமை இரவுச் சந்தையில் கடை போடுவாள், யார் கூட்டிவருவது?" என்றார். அடுத்த பெயருக்கும் இப்படியே. செயலாளர் பேனாவை மூடிவிட்டாள். அன்றே ஒரு புது அட்டை வெட்டினார்கள். எழுத்து இல்லை, ஒரு வீட்டின் படம் மட்டும். அது அத்தையின் அட்டை.

ஒரு பையன் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டான். புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அவன் அம்மாவுக்கு மூன்று செய்தி அனுப்பினார்கள். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. 'அக்கறையில்லாத குடும்பம்' என்று குழுவில் ஒருவர் சொல்லியும்விட்டார். அத்தை என்னை மோட்டார் சைக்கிளில் கூட்டிப்போகச் சொல்லி அந்த வீட்டுக்குப் போனார். கால் மணி நேரம் மழையைப் பற்றிப் பேசினார், மறுகால் மணி நேரம் அந்த அம்மாவின் மாமனார் எந்தத் தோட்டம் என்று பேசினார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கும் நேரத்தில்தான் அந்த அம்மா மெதுவாகச் சொன்னார்: விளையாட்டுக் காலணி கட்டாயம் என்று மன்றத்தில் சொல்லிவிட்டார்களாம். பையனுக்குப் பள்ளிக் காலணி ஒரு ஜோடிதான், அது கிழிந்தால் திங்கட்கிழமைக்கு வழியில்லை. இதை எந்தத் தாய் எழுபது பேர் இருக்கும் குழுவில் தட்டச்சு செய்வாள்?

மறுவாரமே பின்சுவரில் ஒரு மரத் தட்டு வந்தது. பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன காலணிகளைப் பெற்றோர் கொண்டுவந்து வைக்கிறார்கள். தட்டின் விளிம்பில் அளவு சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருக்கிறது. யாரும் கேட்டு வாங்கத் தேவையில்லை, போட்டுக்கொண்டு ஓட வேண்டியதுதான். மழை நாளில் அந்த மூலை பக்கம் மூக்கைக் காட்ட முடியாது. பையன் திரும்ப வந்துவிட்டான். அவன் அம்மா இப்போது மாதம் ஒருமுறை எல்லாக் காலணிகளையும் துவைத்துக் காயவைக்கிறார், அதற்கும் அட்டை இருக்கிறது.

குறைகளுக்கு வருகிறேன்.

முதலில் சமையலறை. கொண்டைக்கடலை, உப்புமா, மரவள்ளிக்கிழங்கு என்று பிள்ளைகளுக்கு ஏதாவது உண்டு, மைலோ எப்போதும் உண்டு. அந்தச் சமையல் அட்டையை நான் பார்த்த முதல் இரண்டு மாதமும் அதே நாலு பெண்கள்தான் எடுத்தார்கள். ஆண்கள் எடுத்தது எல்லாம் விளக்கு மாற்றுவது, கதவுக்கு எண்ணெய் போடுவது. அரை மணியில் முடியும், முடிந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து தே தாரிக் குடிப்பது. அட்டையில் பெயர் மாறினால்தானே பலகைக்கு அர்த்தம்? தொழிற்சாலையில் எழுதுவதுபோல் குறை அறிக்கை ஒன்று எழுதி நானே பலகையில் மாட்டினேன். இரண்டு நாள் முணுமுணுப்பு இருந்தது. பிறகு சமையலை வாங்குவது, சமைப்பது, கழுவுவது என்று மூன்று அட்டையாகப் பிரித்து, சமைத்தவர் கழுவக்கூடாது என்று விதி போட்டார்கள். இரண்டு ஆண்கள் கழுவும் அட்டையை எடுத்தார்கள். அதில் ஒருவர் மூன்றாவது வாரமும் சவர்க்காரம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பாதிதான் சரியாகியிருக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, புலனக் குழு. காலை வணக்கம், ரோஜாப்பூ, விநாயகர், யாரோ அனுப்பிய மூலிகை வைத்தியம். இவற்றுக்கு நடுவில் 'இந்த வாரம் வேன் வராது' என்ற செய்தி புதைந்து கிடந்து, ஆறு பிள்ளைகள் சாலையோரத்தில் காத்திருந்தார்கள். இப்போது அறிவிப்புக்குத் தனிக் குழு தொடங்கியிருக்கிறார்கள், அதில் செயலாளர் மட்டும்தான் எழுத முடியும். ஒன்பது மாதத்துக்கு முன்பே செய்திருக்க வேண்டியது.

மூன்றாவதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆண்டு விருந்து. ஏழு மணிக்கு என்று சொல்லிப் பிள்ளைகள் ஆறரைக்கே உடை மாற்றித் தயாராக நின்றார்கள். சிறப்பு விருந்தினர் வந்தது எட்டே முக்காலுக்கு. அதன்பின் மாலை, பொன்னாடை, ஐந்து பேர் உரை. பிரியாணி ஆறியது, முதல் நடனக் குழுவில் இருந்த சின்னப் பெண் மேடைக்குப் பின்னால் பள்ளிப் பையைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டாள். மாதாமாதம் காலணி துவைத்த அம்மாவின் பெயரை மேடையில் யாரும் சொல்லவில்லை. அட்டையின் முதுகில் பெயர் எழுதத் தெரிந்த மன்றத்துக்கு மேடையில் அது ஏன் மறந்துபோனது? செயலாளரிடம் கேட்டேன். "அந்த நிகழ்ச்சி நிரல் நான் போட்டதில்லை அக்கா" என்றாள். அடுத்த ஆண்டு நிரலுக்கும் ஓர் அட்டை வெட்டச் சொல்லியிருக்கிறேன், நானே எடுத்துக்கொள்வதாக.

பாதுகாப்பைப் பற்றித் தோழிகள் கட்டாயம் கேட்பார்கள். முதல் அட்டை எடுக்கும்முன் அடையாள அட்டை எண்ணை எழுதித் தரச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகுதான் விளக்கினார்கள். 2017இல் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. 2019 முதல் அத்தகைய குற்றவாளிகளின் பதிவேடு சமூக நலத் துறையிடம் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் பொறுப்பாக ஒருவரை வைக்கும்முன் கேட்டுச் சரிபார்க்கலாம். வேனிலும் வகுப்பிலும் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்கள். இதில் நான் கண்ட ஓட்டை: ஒருநாள் மட்டும் வந்து தன்முனைப்புப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போன ஒருவரிடம் எந்த எண்ணும் வாங்கவில்லை. கேட்டதற்கு, பெரிய இடத்துச் சிபாரிசு என்று இழுத்தார்கள். சிபாரிசு பின்னணிச் சோதனை ஆகாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காசு விஷயம் சுத்தமாக இருக்கிறது. மாதம் ஐந்து வெள்ளி, அதாவது ஐந்து ரிங்கிட், ஒரே வீட்டில் இரண்டாவது பிள்ளைக்கு இரண்டு வெள்ளி. கணக்குப் புத்தகம் மேசைமேல் திறந்தே கிடக்கிறது, யாரும் புரட்டலாம். வண்டியில் பிள்ளைகளை ஏற்றிவருபவருக்குப் பெட்ரோலுக்குப் பத்து வெள்ளி உண்டு. நான் முதலில் வாங்கக் கூச்சப்பட்டேன். "நீங்கள் வாங்காவிட்டால், தேவைப்படுகிற அடுத்தவர் எப்படி அக்கா வாங்குவார்?" என்று செயலாளர் புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள். கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

மதிப்பெண் போடச் சொன்னால் ஐந்துக்கு நாலு. விருந்து நாளை மட்டும் கணக்கில் எடுத்தால் ஒன்று, அதுவும் பிரியாணிக்காக.

சேர்க்க நினைப்பவர்களுக்கு: சனிக்கிழமை மாலை நாலரை முதல் ஆறே முக்கால் வரை. ஜோர்ஜ்டவுனிலிருந்து வருவதானால் ஃபெரியில் பட்டர்வொர்த், அங்கிருந்து கொமுட்டர் ரயிலில் நிபோங் திபால். ஸ்டேஷனிலிருந்து கூட்டிவரவும் ஓர் அட்டை உண்டு, அதற்கு முந்தின நாள் மாலைக்குள் சொல்லிவிட வேண்டும். கொசு எண்ணெயும் பிள்ளைக்கு ஒரு கோப்பையும் கொண்டுவாருங்கள். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை மழை, அந்த மண் சாலையில் காரைவிட மோட்டார் சைக்கிள் மேல். இரண்டு சனிக்கிழமை சேர்ந்தாற்போல் வராமல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் தேநீர் போட்டு வையுங்கள், வெற்றிலைப் பெட்டியோடு என் மாமியார் வந்துவிடுவார்.